அரை ஆயுள் எட்டு நாள்

பணியில் இருந்த காலத்தில் நான் மிக அதிகமாக உச்சரித்த எண் எட்டு. தைராய்டு நோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் பாதியாகக் குறைய எட்டு நாள் ஆகும். அதை நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன், உடன் வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன், வார்டு கழுவ வருபவர்களிடமும் வாசல் காவலரிடமும் சொல்லியிருக்கிறேன். அணு மருத்துவப் பிரிவில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்களும் சீக்கிரமே சொல்லத் தொடங்குவீர்கள். அதற்கு முன்னால், நான் ஒருமுறை அதை எப்படிச் சொன்னேன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்று ஆரணிக்குத் திரும்பிய பிறகு கதிர்வீச்சை அளக்கும் மீட்டர்கள்கூட மாறிவிட்டன. ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் இயற்பியல் பிழை எதுவும் கிடையாது. ஆனாலும் அதைச் சொன்ன வாய்க்காக இன்றைக்கும் கூசுகிறேன்.

முதலில், எல்லோரும் செய்யும் தவறு எது என்று சொல்லிவிடுகிறேன். எட்டு நாளில் பாதி என்றதும் பத்தில் ஒன்பது பேர், "அப்போ பதினாறு நாள்ல சுத்தமா காலியாயிடும்" என்பார்கள். அது அரிசி மூட்டைக் கணக்கு. ஒரு குடும்பம் எட்டு நாளில் அரை மூட்டை சாப்பிட்டால் பதினாறாம் நாள் சாக்கை உதறிவிடலாம், ஏனென்றால் வீட்டில் தினமும் அதே அளவு உலை. கதிரியக்கத்தில் அப்படியில்லை. மூட்டை பாதியானால் சாப்பிடுகிறவரின் பசியும் பாதியாகிவிடும். எட்டு நாளில் பாதி, பதினாறில் கால், இருபத்து நாலில் அரைக்கால். இப்படிப் பத்து முறை பாதியானால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். அதற்குப் பிறகும் கணக்கு பூஜ்யத்தைத் தொடாது. சுவரிலும் மண்ணிலும் இயல்பாக இருக்கும் கதிர்வீச்சிலிருந்து அதை மீட்டரால் பிரித்துக் காட்ட முடியாத இடம் ஒன்று வரும். அதைத்தான் முடிந்தது என்கிறோம்.

இதற்குக் காரணம், அணுவுக்கு வயதாவதில்லை என்பது. இன்று உருவான அணுவும் ஒரு மாதமாகச் சிதையாமல் காத்திருக்கும் அணுவும் நாளைக்குச் சிதைவதற்கு ஒரே அளவு வாய்ப்புதான். பழைய அணு களைத்துப்போவதில்லை. ஓர் அணுவைக் காட்டி அது எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. கோடி கோடியாக இருக்கும்போது மட்டும், எட்டு நாளில் பாதி போயிருக்கும் என்று அடித்துச் சொல்லலாம். கல்லூரியில் இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று நான் சோறு தின்ன மறந்தேன். இப்போதும் இதைவிட அழகான கணக்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த அழகில்தான் வழுக்கி விழுந்தேன்.

நான் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். எங்கள் பிரிவில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் குறிப்புத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதியவன் நான். 'ஹாஃப் லைஃப்' என்றே இருக்கட்டும் என்றார்கள் மற்றவர்கள். நான் விடவில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் நல்ல தமிழ்ச் சொல், 'அரை ஆயுள்', அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எங்கள் வார்டு சிஸ்டர் கண்ணமங்கலத்துக்காரர். தாளைப் படித்துவிட்டு, "துக்க வீட்டுல பேசற மாதிரி இருக்குது சார்" என்றார். நான் சிரித்தேன். அது அறிவியல் சொல் சிஸ்டர் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

மருத்துவமனை சென்னையில் இருந்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. நடந்ததில் அதற்குப் பங்கில்லை.

அங்கே ஒருநாள் கௌரி என்ற பெண் சேர்ந்தார். ஆரணிக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும், பட்டுத்தறியில் கூலிக்கு நெய்பவர். கணவர் ஏழுமலைக்கு அரிசி ஆலை ஒன்றில் லாரி ஓட்டும் வேலை. ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. கௌரிக்குத் தைராய்டில் புற்றுநோய். அறுவை செய்து சுரப்பியை எடுத்தாகிவிட்டது. எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச செல்களை அழிக்க அயோடின் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூன்று நாள் தனியறை. உள்ளே யாரும் போகக்கூடாது, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

ஆரணி என்று தெரிந்ததும் தினமும் வாசலுக்கு வெளியே ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று அவரோடு கொஞ்ச நேரம் பேசினேன். எந்தத் தெரு, எந்தப் பள்ளி என்று விசாரித்தேன். எங்கள் வீடு அவருக்குத் தெரிந்திருந்தது. "நயினாரு வூடுங்களா" என்றார். நாங்கள் அந்தப் பக்கத்துச் சமணர்கள், ஊரில் நயினார் என்பார்கள். மற்ற நேரமெல்லாம் கௌரி போனில் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தை திரையை நக்கும். இவர் சிரிப்பார்.

வியாழக்கிழமை மாலை அளந்து பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பலாம் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. குறிப்புத் தாளைக் கொடுத்து, பத்து நாள் குழந்தையைத் தூக்கக்கூடாது, பக்கத்தில் படுக்க வைக்கக்கூடாது, தன் தட்டில் ஊட்டக்கூடாது என்பதையெல்லாம் சொன்னேன். ஏழுமலை கீழே ஆட்டோ பார்க்கப் போயிருந்தார். எனக்கு அவசரம். எங்கள் வீட்டில் இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. விளக்கில் வந்து விழும் பூச்சிக்குக்கூடத் தீங்கு வரக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன்.

அப்போது கௌரி கேட்டார், "சார், இது எத்தினி நாளுங்க?"

எது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த 'இது' ஒன்றுதான். "அரை ஆயுள் எட்டு நாள்மா" என்றேன்.

"அரை ஆயுசா?"

"ஆமா. எட்டு நாள்."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப முழு ஆயுசு இல்லீங்களா?" என்றார்.

என் மனதில் அப்போது ஓடியதை உள்ளபடி சொல்கிறேன். சந்தோஷப்பட்டேன். எத்தனையோ பேர் பதினாறு நாள் என்று தவறாகப் பெருக்கிப் பார்த்தார்கள். இந்தப் பெண் ஒருவர்தான், முழு ஆயுள் என்று ஒன்று இருக்க முடியாதே என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பாக, "முழு ஆயுள்னு ஒண்ணு கிடையவே கிடையாதும்மா. சரியா புடிச்சிட்டீங்க" என்றேன்.

கௌரி கைகூப்பினார். நானும் கைகூப்பிவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே என் அறைக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏழுமலை போன் செய்தார். ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்றார். பிறகு, "வெள்ளிக்கெழம அன்னிக்கி அவள அங்க இட்டுகினு வரணுமா, இல்ல வூட்லயே வச்சிக்கலாங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை எதற்கு, அடுத்த மாதம்தானே வரச் சொல்லியிருக்கிறது என்றேன்.

மறுமுனையில் லாரி ஹாரன் ஒன்று கேட்டது. அதுவும் ஓய்ந்த பிறகு, "நீங்கதான சார் எட்டு நாளுன்னு சொன்னீங்க" என்றார். "டாக்டருங்க யாரும் வாயத் தொறக்கல. நீங்க ஒருத்தர்தான் ஊர்க்காரங்களாச்சேன்னு மறைக்காம சொன்னீங்க. அரை ஆயுசுதான், முழு ஆயுசு கெடையாதுன்னு. அந்த நன்றி எங்களுக்கு எப்பவும் இருக்கும் சார்."

அரை ஆயுசில் போய்விட்டான் என்று நம் ஊரில் எத்தனை சாவு வீட்டில் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் எனக்கு எழுத்தில் ஒன்றாகவும் காதில் வேறொன்றாகவும் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே சொல் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. மனிதரிடமிருந்து ஆயுளைக் கடன் வாங்கி அணுவுக்குக் கொடுத்தது இயற்பியல். நான் அதை எடுத்து, பாதியாக்கி, ஒரு மனுஷியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிய வெட்கம். உங்கள் மனைவி சாகப்போவதில்லை என்பதல்லவா முதலில் வர வேண்டிய வாக்கியம். அது வரவில்லை. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அரை ஆயுள் என்றால் என்ன, அணு என்றால் என்ன, பாதி எப்படிக் காலாகும் என்று ஐந்து நிமிடமாவது பேசியிருப்பேன். நான் சொன்னது சரிதான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். தன் மனைவியின் கடைசி வாரத்தில் நிற்பதாக நம்பிய ஒரு மனிதர் அத்தனைக்கும் "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் போனில் ஒரு குழந்தை சிரித்தது. குழந்தை எங்கே என்று கேட்டேன்.

"அவகிட்டதான் சார் கீது. ராத்திரி பகலு எறக்கி வுடறதில்ல. தூங்கறதும் நெஞ்சுமேலதான். இன்னும் மூணு நாளு. நாங்களும் ஒண்ணும் சொல்றதில்ல."

உடனே குழந்தையைப் பிரித்து வேறு வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். இதையும் உத்தரவாகத்தான் சொன்னேன். அதுவரை பணிந்து பேசியவரின் குரல் அங்கே மாறியது.

"நீங்க பெரியவங்க சார். அது மட்டும் சொல்லாதீங்க."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. "ஏழுமலை, உங்க வீட்டம்மா சாகப்போறதில்ல. நான் சொன்ன விதம் தப்பு. எட்டு நாள் அந்த மருந்துக்குத்தான்" என்றேன்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார்.

மறைக்காமல் சொல்லும் ஆள் என்று என்னை நம்பியவர்கள் அவர்கள். நான் திருத்திச் சொன்னபோது நானும் மற்றவர்களைப் போல மறைக்க ஆரம்பித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே டாக்டரைப் பேசச் சொன்னேன். இந்த வகைப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கௌரி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டாராம். டாக்டர் என்றால் அப்படித்தான் சொல்வார் என்பது அவர்கள் முடிவு. வாயால் ஆகிற காரியமாகத் தெரியவில்லை. புதன்கிழமை விடிகாலை மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு ஆரணிக்குப் பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை ஒரு மீட்டர் தூரத்தில் இருந்த அளவு, நெஞ்சின்மேல் படுத்தால் அது எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஐந்தாறு நாள். ஒவ்வொன்றிலும் மோசமானதையே எடுத்துக்கொண்டேன். முதலில் எட்டு நாள் அரை ஆயுளை வைத்துப் போட்டதில் விடை எனக்குப் பிடிக்கவில்லை. காஞ்சிபுரம் தாண்டும்போதுதான் இரண்டாவது தவறு தெரிந்தது. எட்டு நாள் என்பது பாட்டிலில் மூடி வைத்த அயோடினின் கணக்கு. சுரப்பியை எடுத்துவிட்ட உடம்பில் அயோடின் தங்குவதற்கு இடமில்லை, பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். சிதைவது ஒரு பக்கம், வெளியேறுவது ஒரு பக்கம். இரண்டு வழியாகவும் குறைவதால் உடம்புக்குள் அது பாதியாவதற்கு எட்டு நாளைவிட மிகக் குறைவான நேரம் போதும். இது தெரியாதவன் இல்லை நான். வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் உடம்போடு எதிரே நின்ற பெண்ணிடம் பாட்டிலின் கணக்கைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும் தவறு, எண்ணும் தவறு. மறுபடி போட்டுப் பார்த்தேன். வெளியிலிருந்து குழந்தைமேல் பட்டது ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் படும் அளவுக்குள் அடங்கியது. ஆனால் தாயின் எச்சில் வழியாகக் குழந்தையின் கழுத்துக்குள் போயிருந்தால் அது வேறு விஷயம். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அதைக் கணக்கிட முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

வீடு ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம். முன்னறையில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. கௌரியின் தாயார் தன் ஊரான சந்தவாசலிலிருந்து வந்திருந்தார், இளைய மகளையும் கூட்டிக்கொண்டு. அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வாசலில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார்கள். அந்த மரியாதை என்னைக் கொன்றது. உள்ளே கௌரி பாயில் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

நான் ஒன்றும் விளக்கவில்லை. மீட்டரின் சத்தத்தை அணைத்தேன், அந்த டிக் டிக் எவரையும் கலக்கிவிடும். தூங்கும் குழந்தையை ஏழுமலையின் கையில் கொஞ்ச நேரம் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவரது மச்சினியிடம் வியாழக்கிழமை கொடுத்த அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பும்போது இருந்த அளவை நாங்கள் அதில் எழுதித் தருவது வழக்கம். கௌரியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மீட்டரைப் பிடித்தேன். நான் படித்தால் நம்பமாட்டார்கள் என்பதால் ஏழுமலையைப் படிக்கச் சொன்னேன். அவர் தோளில் குழந்தையோடு குனிந்து மீட்டரைப் படித்தார், அட்டையைப் படித்தார், மறுபடியும் மீட்டரைப் படித்தார். என் எட்டு நாள் கணக்குப்படி பாதிக்கு மேல் மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

"கொறையறது மருந்தும்மா" என்றேன். "நீங்க இல்ல."

கௌரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்த எட்டு நாளு?"

"மருந்துக்கு."

"எனக்கு?"

"உங்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது."

எண்ணைக் கண்ணால் பார்த்ததாலா, நான் வேலையை விட்டு இத்தனை தூரம் வந்ததாலா, எதனால் என்று தெரியவில்லை, நம்பினார்கள். நம்பியதும் முதலில் நடந்தது, கௌரியின் தாயார் என்னைத் திட்டியது. கால் மணி நேரம் திட்டினார். படித்தவர் பேசுகிற பேச்சா இது, ஒரு வாரமாக வீட்டில் உலை வைக்கவில்லை, பெற்ற வயிறு என்ன பாடுபட்டது என்று தொடங்கி எங்கெங்கோ போனார். நான் நின்று கேட்டேன். இடையில் அவர் சொன்ன ஒன்றுதான் என்னை விட்டுப் போகவே இல்லை.

"சிரிச்சிகினே சொன்னாராம்னு எம் பொண்ணு சொல்லுச்சி. இன்னாடா இதுன்னு பார்த்தோம். நயினாரு வூட்டு ஐயா, சாவெல்லாம் அவங்களுக்குப் பெருசா தெரியாது போலன்னு நாங்களே சமாதானம் பண்ணிகினோம்."

கௌரி தாயாரைக் கையமர்த்தினார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். சனிக்கிழமையன்று கௌரி தன் தங்கையை வரவழைத்து, தான் போன பிறகு அவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏழுமலையிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

"எந்தலையில அடிச்சி சத்தியம் பண்ணியே, அத்த வாபஸ் வாங்கிக்க."

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வாங்கிகினேன்" என்றார்.

"ஜல்தியா வாங்கிகினாரு பாரு" என்றாள் தங்கை. "எனக்கொண்ணும் இவர கட்டிக்கணும்னு வேண்டுதல் இல்ல. லாரியில படுத்துத் தூங்கற ஆளு."

அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. வாசலில் இருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்குத் திரும்பியதும் நடந்ததை எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். அவர் கடிந்துகொண்டார், அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். குறிப்புத் தாளிலிருந்து 'அரை ஆயுள்' போய்விட்டது. அதற்குப் பதிலாக என்ன எழுதலாம் என்று சிஸ்டரைத்தான் கேட்டேன். "மருந்து பாதியா கொறையற நேரம்னு எழுதுங்க சார், அவ்ளோதானே" என்றார். அதைத்தான் இன்றும் உங்கள் தாளில் பார்க்கிறீர்கள். கௌரிக்கு அடுத்தடுத்த பரிசோதனைகள் நல்லபடியாக வந்தன. இப்போது என் தெரு வழியாகத்தான் சந்தைக்குப் போகிறார். என் மனைவியிடம் நின்று பேசுவார், என்னைக் கண்டால் சிரிப்பார். பட்டு நெய்த கையால் ஒருமுறை என் தோளைத் தட்டி, "இன்னும் அதே நெனப்புல கீறீங்களா சார்" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் நடக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், பென்ஷன் வருகிறது, பேரன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒருவர் எத்தனை நாள் என்று கேட்டால், எதற்கு எத்தனை நாள் என்று திருப்பிக் கேளுங்கள். அவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று தெரிந்துகொண்ட பிறகு எண்ணைக் கொடுங்கள். கேட்பவர் முகம் சிரிக்காதபோது உங்கள் முகம் சிரித்தால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். தவறு நேர்ந்துவிட்டால், உங்கள் வாக்கியத்தைக் காப்பாற்றும் வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அது காத்திருக்கும்.

அன்று குழந்தையை அளக்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருந்தது. அதற்குள் அது விழித்துக்கொண்டு தாயிடம் போயிருந்தது. தாயின் மடியில் வைத்தே அளக்க முடியாது, அவர் உடம்பில் மிச்சம் இருப்பதும் சேர்ந்து மீட்டரில் வரும். தள்ளிக் கொண்டுபோக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கௌரி ஒன்றும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார். ஏழுமலை குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே நின்றார், அந்தக் கையில் வைத்து அளந்தால் எண் நிலைக்காது. தங்கையிடம் குழந்தை போகவில்லை. கடைசியில் வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நானே உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷ வேலையில் எல்லோரையும் ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தியவன் நான். நோயாளி வீட்டுக் குழந்தை ஒன்று என் மடியில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. உட்கார்ந்ததும் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது.

வெறும் வாசலில் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன். இப்போது குழந்தையின் கழுத்தருகே கொண்டுபோனேன். கண்ணாடி இல்லாமல் எண் தெரியவில்லை. கெஞ்சி வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தேன். அதே எண். எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே எண். மூன்றாவது முறையும் அதேதான்.

மீட்டருக்குத் தெரிகிற அளவுக்கு ஒன்றுமில்லை என்ற வாக்கியம் என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். "பாப்பா நல்லா இருக்குது" என்றேன். பிறகு நிதானமாக, மேலே படுத்ததால் ஒரு ஸ்கேன் எடுக்கிற அளவுக்குப் பட்டிருக்கும், அதனால் கெடுதல் வராது, அடுத்த வாரம் சென்னையில் பெரிய கருவியில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றும் சொன்னேன். அப்படியே பார்த்தோம், அதிலும் ஒன்றுமில்லை.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது குழந்தை தள்ளி இருக்க வேண்டும் என்பதைக் கௌரியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒரு வாரமாக யார் சொல்லியும் இறக்கி விடாதவர். இதற்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மெல்லச் சொல்லத் தொடங்கினேன். முடிப்பதற்குள் குழந்தை என் மடியிலிருந்து சறுக்கி இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாயை நோக்கித் தத்தித் தத்தி ஓடியது.

கௌரி சட்டென்று எழுந்தார். குழந்தையைப் பார்த்தபடியே பின்வாங்கி நடந்து தறியைத் தாண்டிப் போய், அடுப்பங்கரை வாசலில் நின்றார். தங்கை ஓடிவந்து குழந்தையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை ஒரு நொடி திகைத்துவிட்டு வீறிட்டு அழுதது. கௌரியின் இரண்டு கையும் தன்னால் முன்னுக்கு வந்தன. அவற்றை மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அங்கயே இருடி கண்ணு" என்றார். "அம்மா எங்கயும் போவல."